மைக் யார் கையில்? கடலூர், புதுச்சேரி கருத்துக்கேட்புக் கூட்டங்கள்: ஒரு விமர்சனம்

விலை: இலவசம். கைச்செலவு: அரை நாள் கூலி, பஸ் கட்டணம், ஜெராக்ஸ். நடத்துவது: அரசு. பெயர்: பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம். ‘உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்’ என்று விளம்பரம் அழைக்கிறது. போய் உட்கார்ந்தால் காதில் விழுவதில் பெரும்பகுதி சங்கங்களின் கருத்து: விவசாயிகள் சங்கம், மீனவர் பஞ்சாயத்து, வணிகர் பேரமைப்பு, தொழிற்சங்கம், ஆலை அதிபர்கள் சங்கம், நுகர்வோர் அமைப்பு. ஊர் நினைப்பதும் சங்கம் பேசுவதும் எந்த அளவுக்கு ஒத்துப்போகின்றன, எங்கே பிரிகின்றன என்று தெரியாமல் இந்தச் சேவையைப் பயன்படுத்தினால் அரை நாள் வீண்.

கடலூர் மாவட்டத்தில் அதிகம் பேசப்படுவது ஆலை, சுரங்கம், அனல்மின் நிலையத்துக்கு முன் நடக்கும் சுற்றுச்சூழல் கூட்டம். புதுச்சேரியில் மின்கட்டணக் கூட்டம். இரண்டையும் எடுத்துக்கொள்வோம்.

முதலில் கடலூர்ப் பக்கம். இதன் விதிகள் 2006 செப்டம்பர் 14-ல் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில், நான்காம் பின்னிணைப்பில் இருக்கின்றன. நான்கைந்து பக்கம்தான். படித்துவிட்டுப் போகிறவருக்கும் படிக்காமல் போகிறவருக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பு ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் விளம்பரம் வர வேண்டும். பேப்பர் போகாத ஊருக்குத் தண்டோரா போடச் சொல்கிறது விதி. தண்டோரா போடும் வழக்கத்தையே 2022-ல் தமிழ்நாடு அரசு கைவிடச் சொல்லிவிட்டதால், ஒலிபெருக்கி கட்டிய வண்டிதான் மிச்சம். தலைமை தாங்குபவர் மாவட்ட ஆட்சியர், அல்லது கூடுதல் மாவட்ட மாஜிஸ்திரேட் நிலைக்குக் குறையாத அவரது பிரதிநிதி. உதவிக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி. முழுக் கூட்டமும் வீடியோ எடுக்கப்பட வேண்டும். வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் கேள்வி கேட்க வாய்ப்புத் தர வேண்டும். கடைசியில் பேசப்பட்டதன் சுருக்கத்தை அங்கேயே தமிழில் வாசித்துக் காட்டி, அன்றைக்கே கையெழுத்தாக வேண்டும்.

காகிதத்தில் இது நல்ல சேவை. அறிவிப்புக்கு மட்டும் 5-க்கு 2 கொடுக்கலாம். விளம்பரம் வருகிறது, கண்ணில் படுவதில்லை. டெண்டர் நோட்டீசுக்கும் காணவில்லை அறிவிப்புக்கும் நடுவில் பொடி எழுத்தில் வரும் கட்டத்தைத் தினமும் தேடிப் பார்ப்பவர் யார்? அதற்கென்றே ஆள் வைத்திருக்கும் சங்கம்தான். ஊர்க் கருத்தும் சங்கக் கருத்தும் பிரியத் தொடங்கும் முதல் இடம் இது. 30 நாளில் 20 நாள் சங்கத்துக்குப் படிக்கக் கிடைக்கிறது. ஊருக்கு முந்தின நாள் ஆட்டோ சத்தம் கிடைக்கிறது.

இன்னொரு குறையும் விதியிலேயே உண்டு. கூட்டம் தொடங்கக் குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை தேவையில்லை என்று அறிவிக்கை வெளிப்படையாகவே சொல்கிறது. கிராம சபையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கிராம சபை செல்லும். குடிநீர்த் தொட்டிக்கு ஆள் கணக்கு வேண்டும், அனல்மின் நிலையத்துக்கு வேண்டாம். 30 பேர் வந்தாலும் ‘பொதுமக்கள் கருத்து கேட்கப்பட்டது’ என்றுதான் கோப்பு போகும். அந்த 30 பேரில் 20 பேர் சங்கப் பொறுப்பாளர்கள் என்றால், கோப்பில் இருக்கும் ‘பொதுமக்கள்’ யார் என்று சொல்லவே வேண்டாம்.

கடலூர் சிப்காட் ஓரத்தில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய விலக்கு ஒன்று: அனுமதி பெற்ற தொழிற்பேட்டைக்குள் வரும் திட்டங்களுக்கு இந்தக் கூட்டமே தேவையில்லை என்கிறது அதே அறிவிக்கை. அந்த விலக்கில் ஒரு திட்டம் அடங்கிவிட்டால் குடிகாடு, ஈச்சங்காடு, பச்சையாங்குப்பம், சங்கொலிக்குப்பம் போன்ற ஊர்க்காரர்களுக்குப் பந்தலும் இல்லை, மைக்கும் இல்லை. நாற்றம் மட்டும் உண்டு.

இனி கூட்டம். முதலில் நிறுவனத்தின் ஆள் படம் காட்டுவார். பிறகு பெயர் கூப்பிடுவார்கள். பெயர் கொடுத்த வரிசைப்படி என்று சொல்வார்கள். ஆனால் முன்வரிசை நாற்காலியில் துண்டோடும் பேட்ஜோடும் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மைக் முன்னாடியே போய்விடும். ஆதரவுக் கூட்டம் ஒரு பக்கம், எதிர்ப்புக் கூட்டம் மறுபக்கம். ஆதரவாக வரும் மனுக்களில் ஒரே வாசகம், ஒரே டைப், கீழே மட்டும் வேறு வேறு கையெழுத்து. எதிர்ப்பு மனுக்களிலும் அதே கதை நடப்பதுண்டு. ஒரு பக்கத்தை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. சாப்பாட்டு நேரம் தாண்டினால் பின்வரிசைப் பெண்கள் எழுந்து போய்விடுவார்கள்: பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும், மாடு கத்தும். நாலு மணிக்கு மேல் பேசக் காத்திருக்கும் பொறுமை, பேசுவதையே வேலையாக வைத்திருப்பவருக்குத்தான் வரும்.

இது யாருடைய சதியும் இல்லை. கணக்கு. மின்கட்டணம் யூனிட்டுக்கு 50 காசு ஏறுகிறது என்று வையுங்கள். மாதம் 200 யூனிட் எரிக்கும் வீட்டுக்கு இழப்பு 100 ரூபாய். அதற்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு யாரும் கூட்டத்துக்கு வரமாட்டார்கள். மாதம் 2 லட்சம் யூனிட் எரிக்கும் ஆலைக்கு இழப்பு 1 லட்சம் ரூபாய். அந்த ஆலை ஒரு ஆடிட்டரை அனுப்பும். ஒரு லட்சம் வீடுகளின் இழப்பைக் கூட்டினால் மாதம் ஒரு கோடி. பத்து ஆலைகளின் இழப்போ பத்து லட்சம்தான். ஆனால் கூட்டத்தில் பேசுவது பத்து லட்சம். ஒரு கோடியோ வீட்டில் பில்லைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருக்கும்.

அமெரிக்காவில் இதை எண்ணிப் பார்த்தே சொல்லியிருக்கிறார்கள். மார்ட்டின் கிலென்ஸ், பெஞ்சமின் பேஜ் இருவரும் 2014-ல் வெளியிட்ட ஆய்வு, 1981 முதல் 2002 வரை எழுந்த 1,779 கொள்கைக் கேள்விகளை எடுத்துக்கொண்டது. நடுத்தரக் குடிமக்கள் விரும்பியதும் அமைப்புகள் எல்லாம் சேர்ந்து எடுத்த நிலைப்பாடும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தால், ஏறக்குறைய தொடர்பே இல்லை. உறுப்பினர் பலம் உள்ள தொழிற்சங்கம் போன்றவை ஓரளவு மக்கள் பக்கம் சாய்ந்திருந்தன. வணிக அமைப்புகள் கொஞ்சம் எதிர்ப்பக்கம். அது அந்த நாட்டுக் கணக்கு. நம் ஊர் சங்கத்துக்கு அப்படியே பொருத்த முடியாது. நம்மிடம் சாதியும் கட்சியும் ஊர்க்கட்டும் குறுக்கே வரும். ஆனால் எல்லாச் சங்கத்தையும் ஒரே தராசில் போடக்கூடாது என்ற பாடம் இங்கும் பொருந்தும்.

சங்கம் என்பது எத்தனை பேர்? தமிழ்நாட்டுச் சங்கப் பதிவுச் சட்டம் 1975-ன்படி 7 பேர் போதும். புதுச்சேரியில் நடைமுறையில் உள்ள 1860-ம் ஆண்டுச் சட்டத்துக்கும் 7 பேர். அந்த 7 பேர் லெட்டர்பேடில் ‘அனைத்துப் பொதுமக்கள் நலன்’ என்று பெயர் போட்டுக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. பெரிய பெயர், சின்ன சங்கம். அதனால் மேடையில் ஒருவர் ‘எங்கள் சங்கத்தின் சார்பில்’ என்று தொடங்கியதும் மனதுக்குள் சிலவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். சந்தா கட்டும் உறுப்பினர் எத்தனை? இந்த விஷயத்துக்காகப் பொதுக்குழு கூடியதா, எந்தத் தேதியில்? தீர்மானத்தின் நகல் இருக்கிறதா? எதிர்த்துப் பேசிய உறுப்பினர் யாராவது உண்டா? எல்லாரும் ஒருமனதாக ஆதரித்தார்கள் என்றால் பெரும்பாலும் கூட்டமே நடக்கவில்லை என்று பொருள். கடைசியாக, சங்கம் கேட்பது கிடைத்தால் யாருக்குப் பணம் வரும்? இந்தக் கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் மற்ற எல்லாவற்றையும் விட அதிகம் சொல்லும்.

மீனவர் ஊர்களில் இந்த அளவுகோலைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். இங்கே சங்கத்தை விட ஊர்ப் பஞ்சாயத்துக்குத்தான் பலம். அதன் கணக்கு தலைக்கட்டு. வரி கட்டும் ஆண்தான் தலைக்கட்டு. ‘எங்கள் ஊர் 600 தலைக்கட்டு, அத்தனை பேரும் எதிர்க்கிறோம்’ என்று ஒரு நாட்டார் (ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர்) சொன்னால் அது உண்மையாகவே இருக்கலாம். ஊர்க்கூட்டம் போட்டுத்தான் முடிவெடுத்திருப்பார்கள், மீறினால் அபராதம் உண்டு. 7 பேர் சங்கத்தை விட இது எவ்வளவோ மேல். ஆனால் கூடை தூக்கி மீன் விற்கும் பெண் அந்தத் தலைக்கட்டில் இல்லை. துறைமுகம் வந்தால், ஏலம் இடம் மாறினால், முதலில் வயிறு காய்வது அவளுக்கு. அவள் கருத்து ஊர் முடிவுக்குள் வீட்டு ஆண் வழியாக வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

‘மீனவர் கருத்து’ என்று ஒன்றே ஒன்று இருப்பதாக நினைப்பவர்கள் சுருக்குமடி விவகாரத்தைப் பார்த்தால் போதும். மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து அள்ளும் பெரிய வலை அது. தமிழ்நாட்டில் 2000-லிருந்து தடை. வலை வைத்திருப்பவர்களும் அதில் பங்கு போட்டவர்களும் தடையை நீக்கச் சொல்கிறார்கள். ஃபைபர் படகில் போய் சின்ன வலை போடுபவர்கள் தடை நீடிக்க வேண்டும் என்கிறார்கள். இரண்டு தரப்பும் மீனவர்கள், இரண்டும் பல இடங்களில் ஒரே சாதி, ஒரே கடல். 2021 ஆகஸ்டில் வீராம்பட்டினத்துக்கும் நல்லவாட்டுக்கும் இடையே மோதல் மூண்டு, போலீஸ் வானத்தை நோக்கிச் சுட வேண்டி வந்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை என்று இடைக்கால அனுமதி தந்தது. இந்தப் பின்னணியில் ஒரு அமைப்பு எழுந்து ‘மீனவர் சமுதாயத்தின் ஒட்டுமொத்தக் கருத்து’ என்றால், எந்த வலைக்காரர் என்று கேட்காமல் குறிப்பெடுக்கும் அதிகாரி வேலையைப் பாதியில் விட்டவர்.

நிலத்துக்கு வருவோம். நெய்வேலிச் சுற்றுவட்டாரத்தில் நிலம் எடுப்பு பற்றிப் பேசும் சங்கங்கள் பெரும்பாலும் பட்டாதாரர்களின் சங்கங்கள். கோரிக்கையைப் பார்த்தாலே தெரியும்: ஏக்கருக்கு இழப்பீடு, வீட்டுக்கொரு நிரந்தர வேலை, மாற்று மனை. எல்லாம் நியாயமான கோரிக்கைகள். ஆனால் குத்தகைக்கு உழுதவருக்கும், நாற்று நடவுக்குப் போன பெண்ணுக்கும், களத்துமேட்டில் நெல் தூற்றியவருக்கும் அந்தப் பட்டியலில் எத்தனை வரி? 2013 நிலம் எடுப்புச் சட்டம் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்பதில் நிலமில்லாத கூலிக் குடும்பத்தையும் சேர்க்கிறது. இருந்தும் மைக்கைப் பிடிப்பது பட்டா வைத்திருப்பவர். 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிருக்குள் நெய்வேலி நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.யின் பொக்லைன் இறங்கியபோது மாநிலமே கொதித்தது. அந்தக் கொதிப்பு எல்லாருடையது. அதற்குப் பின் நடந்த பேரம் சிலருடையது.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் இந்த மாவட்டத்திலேயே உண்டு. 2023-ல் ஒன்றிய அரசு நிலக்கரி ஏலப் பட்டியலில் சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே உள்ள பகுதியைச் சேர்த்தது. விவசாயிகள் சங்கங்கள் எல்லாம் ஒரே குரலில் எதிர்த்தன. கட்சிகளும் சட்டமன்றமும் எதிர்த்தன. ஏப்ரலில் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். அந்த விஷயத்தில் சங்கக் கருத்தும் ஊர்க் கருத்தும் ஒன்று என்று தைரியமாகச் சொல்லலாம். பட்டாதாரர், குத்தகைதாரர், கூலியாள், உரக்கடைக்காரர், நெல் வியாபாரி என்று யாரை எடுத்தாலும் இழப்பு ஒரே திசையில் இருந்தது. ஊருக்குள் லாபம் பார்ப்பவரும் நட்டப்படுபவரும் தனித்தனியாக இருக்கும்போதுதான் சங்கம் ஊரைப் பிரதிபலிக்கத் தவறுகிறது. நட்டம் எல்லாருக்கும் என்றால் 7 பேர் சங்கம் பேசினாலும் அது ஊரின் பேச்சுதான்.

சிப்காட் பக்கமும் அப்படித்தான். 2004 வாக்கில் சுற்றுக் கிராமத்து மக்களில் கொஞ்சம் பேர் வாளி எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். வாளி என்றால் சாதாரண பிளாஸ்டிக் வாளி. உள்ளே டெட்லார் பை, மூடியில் வால்வு, காற்றை உறிஞ்ச ஒரு சின்ன பம்பு. நாற்றம் அடிக்கும் நேரத்தில் அங்கேயே காற்றைப் பையில் பிடித்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்கள். பெரிய சங்கம் இல்லை. பெரிய சந்தா இல்லை. மூக்கில் ஏறுவதை நோட்டில் தேதி, நேரம், காற்று வீசும் திசை போட்டு எழுதினார்கள். எண்ணிக்கையில் சிறியவர்கள் ஊர்க் கருத்தைச் சரியாகக் கொண்டுபோனதற்கு இதைவிட நல்ல உதாரணம் இந்தப் பகுதியில் இல்லை. அந்த மூக்கு எல்லாருக்கும் ஒன்றுதானே.

இனி புதுச்சேரி. மின்கட்டணத்தை முடிவு செய்வது கோவாவுக்கும் யூனியன் பிரதேசங்களுக்குமான இணை மின்சார ஒழுங்குமுறை ஆணையம். தலைமையகம் குருகிராமில். மின்துறை மனு போடும், சுருக்கத்தைப் பேப்பரில் வெளியிடும், பொதுமக்கள் ஆட்சேபணை தருவார்கள், கூட்டம் நடக்கும். மனு கிடைத்த 120 நாளுக்குள் ஆணை பிறப்பிக்க வேண்டும் என்கிறது 2003 மின்சாரச் சட்டத்தின் 64-வது பிரிவு.

பதிவு செய்யும் முறையில் இது சுற்றுச்சூழல் கூட்டத்தை விட ஒரு படி மேல். ஆணையில் ஒவ்வொரு ஆட்சேபணைக்கும் மூன்று அடுக்கு: வந்த கருத்து, மின்துறையின் பதில், ஆணையத்தின் முடிவு. எது ஏற்கப்பட்டது, எது தள்ளப்பட்டது, ஏன் என்று எழுத்தில் கிடைக்கிறது. 5-க்கு 4 தாராளமாகத் தரலாம்.

யாருடைய கருத்து அந்த அடுக்குகளை நிரப்புகிறது என்று பார்த்தால் மதிப்பெண் இறங்கும். ‘பில் ரொம்ப ஏறுது’ என்று பத்து வீட்டுக்காரர்கள் சொன்னால், ‘கட்டண உயர்வுக்கு நுகர்வோர் எதிர்ப்பு’ என்று ஒரு வரி. மின் கொள்முதல் விலை, விநியோக இழப்பு, நிலைக்கட்டணம், பவர் ஃபேக்டர் சலுகை என்று புள்ளிவிவரத்தோடு தொழில் அமைப்பு கொடுத்தால் நாலு பக்கம். இரண்டும் ஒரே பக்கம் நிற்பதுபோலத் தோன்றும், ‘உயர்வு வேண்டாம்’ என்பதில் இரண்டும் ஒன்று. உள்ளே போனால் வேறு. வீட்டு இணைப்புக்கு விலை, மின்சாரம் வழங்க ஆகும் சராசரிச் செலவை விடக் குறைவு. வணிக, தொழில் இணைப்புகள் கூடுதலாகக் கட்டி அந்தப் பள்ளத்தை நிரப்புகின்றன. இதற்குக் குறுக்கு மானியம் என்று பெயர். எல்லாப் பிரிவும் சராசரிச் செலவுக்கு 20 சதவீதம் மேலே, 20 சதவீதம் கீழே என்ற வரம்புக்குள் வர வேண்டும் என்கிறது தேசிய மின்கட்டணக் கொள்கை. ‘குறுக்கு மானியத்தைக் குறையுங்கள்’ என்று தொழில் அமைப்பு கேட்டால் தமிழில் அதற்கு அர்த்தம்: வீட்டு பில்லை ஏற்றுங்கள். இதே அமைப்பு அடுத்த வாரம் ‘மக்கள் மீது சுமையை ஏற்றாதே’ என்று போஸ்டர் ஒட்டினால் அதில் பொய் இல்லை, பாதிதான் இருக்கிறது. மனுவின் கடைசிப் பக்கத்தில் உள்ள கோரிக்கைப் பட்டியலைப் படிக்காமல் எந்த அமைப்போடும் சேர்ந்து கையெழுத்துப் போடாதீர்கள்.

இந்த ஓட்டையைச் சட்டம் அறியாமல் இல்லை. நுகர்வோர் நலனுக்காக வாதாட ஒருவரை ஆணையமே நியமிக்கலாம் என்று 94-வது பிரிவின் மூன்றாம் உட்பிரிவு சொல்கிறது. ‘நியமிக்கலாம்’தான், ‘நியமிக்க வேண்டும்’ இல்லை. ஆலோசனைக் குழு ஒன்றும் உண்டு. 21 பேருக்கு மேல் போகாமல் வணிகம், தொழில், விவசாயம், தொழிலாளர், நுகர்வோர் என்று பிரதிநிதிகள். அதிலும் அமைப்பு உள்ளவருக்குத்தான் இடம். சும்மா பில் கட்டுகிறவர் எந்த நாற்காலியில் உட்காருவார்?

தொழிற்சங்கத்துக்கும் மக்களுக்கும் உள்ள உறவு இதைவிடச் சிக்கல். 2022 செப்டம்பர் கடைசியில் தனியார்மயத்தை எதிர்த்து மின்துறை ஊழியர்கள் காலவரையற்ற வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மின்துறையைத் தனியாருக்கு விடக்கூடாது என்பதில் ஊரில் நிறையப் பேர் அவர்கள் பக்கம். ஆனால் பகுதி பகுதியாகக் கரண்ட் போய், ராத்திரி கொசுக்கடியில் பிள்ளைகளோடு உட்கார்ந்தவர்கள் சாலை மறியலில் இறங்கினார்கள். கோரிக்கையில் ஒரே கருத்து, வழியில் வேறு கருத்து. கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு இந்த வித்தியாசத்தைப் பதியும் கட்டமே இல்லை. ஆதரவு, எதிர்ப்பு இரண்டுதான்.

கடையடைப்பையும் இங்கேயே சொல்லிவிடலாம். ‘பந்த் முழு வெற்றி’ என்று மறுநாள் செய்தி வரும். ஷட்டர் இறங்கியது கருத்தால் இறங்கியதா, கல்லுக்குப் பயந்து இறங்கியதா என்று ஷட்டரைப் பார்த்துச் சொல்ல முடியாது. பொதுக்கருத்தின் அளவுகோலாக இதற்கு மதிப்பெண் பூஜ்யம்.

புதுச்சேரியில் சங்கங்களின் சத்தம் ஏன் இவ்வளவு பெரிதாகக் கேட்கிறது என்பதற்கு ஒரு காரணம் எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. உள்ளாட்சித் தேர்தல் 1968-க்குப் பிறகு 2006-ல்தான் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. அதன்பின் நடக்கவே இல்லை. வார்டு கவுன்சிலர் இல்லாத ஊரில் சாக்கடைக்கும் குப்பைக்கும் கட்டணத்துக்கும் பேச குடியிருப்போர் நலச் சங்கமும் வணிகர் சங்கமும்தான் மிச்சம். கடலூர் கிராமங்களிலும் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ஓடு முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். ஓட்டு வாங்கியவர் இல்லாத இடத்தை லெட்டர்பேட் வைத்திருப்பவர் நிரப்புகிறார். குடியிருப்போர் சங்கம் என்றாலும் சொந்த வீட்டுக்காரர்தான் உறுப்பினர். மாடியில் வாடகைக்கு இருப்பவர் தண்ணீர் வரியைப் பங்கு போட்டுக் கட்டினாலும் கூட்டத்துக்கு அழைப்பு கிடையாது.

சரி, இந்தச் சேவையைப் பயன்படுத்துவது எப்படி? கடலூர்க் கூட்டத்தை வைத்துச் சொல்கிறோம்.

விளம்பரம் வந்ததும் முதல் வேலை, திட்ட அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தை வாங்குவது. ஆட்சியர் அலுவலகம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகம், உள்ளாட்சி அலுவலகம் ஆகிய இடங்களில் பார்வைக்கு இருக்க வேண்டும். சுருக்கத்தில் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். முழு அறிக்கையில் மூன்று இடங்களை மட்டும் தேடுங்கள்: தண்ணீர் எங்கிருந்து, நாளுக்கு எவ்வளவு; கழிவு எங்கே, எந்த ஓடையில்; 10 கிலோமீட்டர் சுற்றளவில் என்னென்ன இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். மூன்றாவதில்தான் பெரும்பாலும் பிழை மாட்டும்: ஊர் ஏரி விட்டுப்போயிருக்கும், மீன் இறங்குதளம் இருக்காது, பக்கத்து ஆலையே இருக்காது. பரங்கிப்பேட்டைப் பக்கம் வந்த அனல்மின் நிலைய வழக்கில் 2012 மே மாதம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் பிடித்துக்கொண்டதும் இப்படி ஒரு இடைவெளியைத்தான்: சுற்றிலும் உள்ள மற்ற ஆலைகளோடு சேர்த்து ஒட்டுமொத்தப் பாதிப்பைப் பாருங்கள் என்றது. எத்தனை பேர் எதிர்த்தார்கள் என்ற கணக்கு அங்கே பேசவில்லை.

அடுத்தது எழுத்து மனு. வெளியூரில் இருப்பவரும் தபாலில் அனுப்பலாம். பேச்சை மட்டும் நம்பாதீர்கள். மைக்கில் ஐந்து நிமிடம் பேசியது குறிப்பில் ஒன்றரை வரியாகும். ஒரு மனுவில் ஒரே விஷயம். பக்க எண், அங்கே எழுதியிருப்பது, உண்மை நிலை, அதற்கு ஆதாரம். இரண்டு படி எடுத்துப் போய் ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். 500 பேர் கையெழுத்திட்ட ஒரே மனுவை விட, 20 பேர் 20 வேறு விஷயத்தைச் சொல்லும் 20 மனு மேல். இது ஓட்டெடுப்பு இல்லை, பட்டியலில் உள்ள ஒவ்வொரு பிரச்சினைக்கும் நிறுவனம் பதில் எழுத வேண்டும். கையெழுத்து எண்ணிக்கைக்கு யாரும் பதில் எழுத மாட்டார்கள்.

சங்கத்தில் இருப்பவராக இருந்தாலும் மைக்கில் முதலில் ஊர்ப் பெயரையும் சர்வே எண்ணையும் சொல்லுங்கள், பதவியைப் பிறகு. குத்தகைதாரர், கூலி, மீன் விற்பவர் என்றால் அதையே சொல்லுங்கள். குறிப்பில் ‘சங்கத் தலைவர்’ என்று பதிவானால் ஒரு சங்கத்தின் கருத்து; ‘குத்தகை விவசாயி, இன்ன ஊர்’ என்று பதிவானால் அப்படி ஒரு பிரிவே பாதிக்கப்படுகிறது என்பதற்குச் சான்று. பேச வேண்டிய பெண்களை முதல் அரை மணிக்குள் பேச வைக்கப் பெயர்ப் பட்டியலில் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். நாலு மணிக்கு அவர்கள் இருக்க மாட்டார்கள்.

நாற்காலியைத் தூக்கி வீசுவது ஆபத்தான வேலை. போலீஸ் கேஸ் ஒரு பக்கம். கருத்தைச் சுதந்திரமாகச் சொல்லும் சூழல் ஊரில் இல்லை என்று அறிக்கை போனால், கூட்டமே வேண்டாம் என்று முடிவெடுக்க அந்த அறிவிக்கையில் வழி இருக்கிறது. கலவரம் செய்பவர் எந்தப் பக்கத்தில் சம்பளம் வாங்குபவர் என்று ஒரு முறை யோசிப்பது நல்லது.

கடைசி அரை மணி நேரம்தான் முக்கியம், அப்போதுதான் பந்தல் காலியாகும். சுருக்கத்தை வாசிக்கும்போது கையில் பேனாவோடு ஒருவராவது இருங்கள். உங்கள் ஊர் சொன்னது விட்டுப்போயிருந்தால் அந்த நிமிடமே எழுந்து, ‘ஐயா, இன்ன மனு குறிப்பில் வரவில்லை, சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று கேட்க வேண்டும், வீடியோ ஓடும்போதே. கூட்டம் முடிந்து 8 நாளுக்குள் நடவடிக்கைக் குறிப்பு மேலே போய்விடும். ஊராட்சி அலுவலகத்திலும் ஆட்சியர் அலுவலகத்திலும் பார்வைக்கு வைப்பார்கள், சுற்றுச்சூழல் அனுமதிக்கான ஒன்றிய அரசின் பரிவேஷ் இணையதளத்திலும் தேடலாம். இல்லை என்றால் 10 ரூபாய் கட்டி, தகவல் அறியும் உரிமையில் குறிப்பின் நகலோடு வருகைப் பட்டியலையும் சேர்த்துக் கேளுங்கள். வந்திருந்தவர் பெயரும் ஊரும் அதில் இருக்கும். எத்தனை பெயர் திட்டப் பகுதியைச் சேர்ந்தது, எத்தனை வெளியூர், எத்தனை பெண்கள் என்று ஒரு மணி நேரத்தில் எண்ணிவிடலாம்.